சிறுவகை நாய்களின் மூளை அழற்சி நோயில் உயிர்பிழைப்பைக் கணித்தல்: ஆரல்வாய்மொழியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பக், யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், சிவாவா முதலிய சிறுவகை நாய்களிடையே, கிருமி எதுவும் புலப்படாத நிலையில் மூளையில் அழற்சி தோன்றும் நோய் ஒன்று மிகுதியாகக் காணப்படுகிறது. அந்நோயுற்ற நாய் பிழைக்குமா என்பதைக் கணிக்க மேலைநாட்டு ஆய்வுகள் பல எண்களைத் தந்துள்ளன. அவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன, ஆரல்வாய்மொழி போன்ற ஓர் ஊரிலுள்ள நாய்க்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முதல் நாளில் சொல்லப்படும் கணிப்பைவிட முதல் வார முடிவில் சொல்லப்படும் கணிப்பே நம்பத்தக்கது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மூளை அழற்சி, நோய்ப்போக்குக் கணிப்பு, இடைநிலை வாழ்நாள், சிறுவகை நாய்கள், வெறிநோய், ஆரல்வாய்மொழி

முன்னுரை

நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயிலாகிய ஆரல்வாய்மொழிக் கணவாய், காற்றுக்கும் காற்றாலைகளுக்கும் பெயர்பெற்றது. இவ்வூரில் வீட்டில் வளரும் மூன்று கிலோ எடையுள்ள நாயொன்று ஒரு காலையில் வட்டமிட்டு நடக்கத் தொடங்கி, மாலையில் வலிப்புக் கண்டால், அதை வளர்ப்பவர் முதலில் நாடுவது அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை, அடுத்து நாகர்கோவிலை, அதற்கும் அடுத்துத் தேசிய நெடுஞ்சாலை 44 வழியே வடக்கே ஏறத்தாழ 70 கி.மீ. சென்று, திருநெல்வேலி இராமையன்பட்டியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை. 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கிருந்து ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் உள்ளது. எந்தப் படியில் நின்றாலும் கேட்கப்படும் வினா ஒன்றே: பிழைக்குமா?

சித்த மருத்துவம் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் எனப் பகுத்து, மருந்தைத் தொடங்குமுன் எந்தப் பிரிவு என்பதை அறிய வேண்டும் என்று வற்புறுத்துவது. இன்றைய கால்நடை மருத்துவம் அதே வினாவுக்கு எண்ணால் விடை தர முயல்கிறது. எண் என்றவுடன் அது உறுதியானது என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இந்நோயைப் பொறுத்தவரை அந்த எண்ணம் ஒரு நாயின் உயிரையே பறித்துவிடக் கூடும். ஏனெனில் முதல் நாளிலேயே கருணைக்கொலை பற்றிய பேச்சு எழுவது இந்நோயில் அரிதன்று.

நோயும் பெயரும்

சிறுமணிபோன்ற அழற்சிக் கட்டிகளை மூளையில் உண்டாக்கும் வகை 1978இல் பிரவுண்ட் குழுவினரால் விளக்கப்பட்டது. பக் இன நாய்களில் மூளைத் திசு அழுகி அழியும் வகையை 1989இல் கார்டி, ஹாலிடே ஆகியோர் விவரித்தனர். யார்க்‌ஷயர் டெரியரில் மூளையின் வெண்பகுதியையும் தண்டுப்பகுதியையும் தாக்கும் மற்றொரு வகை 1993இல் டிபோல்டு என்பவரால் பதிவுசெய்யப்பட்டது. இம்மூன்றையும் ஐயமறப் பிரித்தறிய வேண்டுமானால் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் காண வேண்டும். அத்திசு பெரும்பாலும் நாய் இறந்த பிறகே கிடைக்கிறது. ஆதலால் உயிருள்ள நாய்க்கு இம்மூன்றையும் உள்ளடக்கிய பொதுப்பெயரே சூட்டப்படுகிறது: ‘காரணம் அறியப்படாத மூளை–மூளையுறை அழற்சி’. இப்பெயர் ஒரு நோயின் பெயர் என்பதைவிட, ஆய்வு எந்த இடத்தில் நிற்கிறது என்பதன் பெயர் என்பதே பொருத்தம்.

கிருமி இல்லாமல் அழற்சி எவ்வாறு தோன்றும் என்னும் ஐயம் பலருக்கும் எழும். இதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி தமிழகத்துக்கு அயலானதன்று. 1907இல் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிறுவனம், ஆட்டு மூளைத் திசுவிலிருந்து வெறிநோய்த் தடுப்பூசியை நெடுங்காலம் தயாரித்து வந்தது. அவ்வகைத் தடுப்பூசி கோடிக்கணக்கானோரைக் காத்தது. எனினும் அதைப் போட்டுக்கொண்டவர்களுள் மிகச் சிலருக்கு, ஊசியில் வெறிநோய்க் கிருமி உயிரோடு இல்லாதபோதும், மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி ஏற்பட்டது. ஊசியிலிருந்த மூளைப் புரதத்தை எதிர்க்கப் பழகிய நோயெதிர்ப்பாற்றல், அவர்களின் சொந்த மூளையையும் எதிரியெனக் கொண்டதே காரணம். 1930களில் ரிவர்ஸ் என்பவர் குரங்குகளுக்கு மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்தி இதனை நிறுவினார். சிறுவகை நாய்களில் இத்தவறான தாக்குதலைத் தூண்டுவது ஊசியன்று. பக் இனத்தில் நோயெதிர்ப்பாற்றலை ஆளும் மரபணுப் பகுதியின் குறிப்பிட்ட வடிவங்களுக்கும் இந்நோய்க்கும் வலுவான தொடர்பு கண்டறியப்பட்டு, அதற்கான மரபணுச் சோதனையும் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துள்ளது. 2003இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னே ஓடிய பக் நாய் இவ்வினத்தை இந்திய நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தது என்பதை எண்ணினால், அந்நோய் மேலைநாட்டுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்க இயலாது.

எண்கள் பிறந்த இடம்

2010இல் கிரேஞ்சர், ஸ்மித், ஜெஃப்ரி ஆகியோர், 1962 முதல் 2008 வரை வெளியான ஆய்வுகளிலிருந்து 457 நாய்களின் செய்திகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். ஸ்டீராய்டு மருந்து மட்டும் பெற்ற நாய்களின் இடைநிலை வாழ்நாள் ஆய்வுக்கு ஆய்வு 28 முதல் 357 நாள் வரையும், அதனுடன் நோயெதிர்ப்பை அடக்கும் பிறிதொரு மருந்தையும் பெற்றவற்றின் இடைநிலை வாழ்நாள் 240 முதல் 590 நாள் வரையும் வேறுபட்டன.

இடைநிலை வாழ்நாள் என்பது சராசரி அன்று. நாய்களை அவை வாழ்ந்த நாள்களின் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் நாயின் வாழ்நாள் அது. பாதி நாய்கள் அதற்கு முன் இறந்தன, பாதி அதைக் கடந்தன என்பதற்கு மேல் அவ்வெண் எதுவும் கூறுவதில்லை. கடந்த பாதி எவ்வளவு காலம் கடந்தது என்பது அதில் இல்லை. ஒரு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஓர் எண் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறதென்றால், அது நாய்களை மட்டுமன்றி, நாய்கள் ஆய்வுக்குள் வந்துசேர்ந்த வழியையும் அளக்கிறது என்பதே தெளிவு.

இதற்குப் பக் நாய் பற்றிய ஆய்வு தக்க சான்று. லெவின் குழுவினர் 2008இல் 60 பக் நாய்களை ஆராய்ந்து, இடைநிலை வாழ்நாள் 93 நாள் என்று கண்டனர். இளம் வயதினவும் பெட்டைகளும் வெளிர்பழுப்பு நிறத்தினவும் மிகுதியாக நோயுற்றமையும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. இந்த 93 என்னும் எண்ணைக் கேட்டவுடன் மனம் தளர்பவர் ஒன்றைக் கருத வேண்டும். அந்நாய்களின் நோய் இறந்த பின் மூளைத் திசுவைக் கொண்டு உறுதிசெய்யப்பட்டது. அதாவது, இறந்த நாய்கள் மட்டுமே அக்கணக்கில் இடம்பெற்றன. மருந்தால் தேறி ஐந்தாண்டு வாழ்ந்துகொண்டிருந்த பக் ஒன்று அக்காலத்தில் எங்கேனும் இருந்திருந்தால், உயிரோடு இருந்ததாலேயே அது அப்பட்டியலுக்கு வெளியே நின்றிருக்கும். இறந்தோர் பதிவேட்டைக் கொண்டு ஓர் ஊரின் சராசரி வயதைக் கணக்கிடுவது போன்றது இது. பதிவேடு பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்ட வினாவுக்கு அது விடையாகாது.

இரண்டாம் மருந்தைப் பெற்ற நாய்கள் நெடுங்காலம் வாழ்ந்தன என்பதையும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். இரண்டாம் மருந்து தொடங்கப்படும்வரை நாய் உயிரோடு இருந்தாக வேண்டும். இரண்டாம் நாளில் இறந்த நாய், ஸ்டீராய்டு மட்டும் பெற்றவற்றின் கணக்கிலேயே சேரும். மருந்தின் ஆற்றலும் முதல் நாள்களைத் தாண்டிய நாயின் வலிமையும் ஓரெண்ணில் இவ்வாறு கலந்துவிடுகின்றன.

இவற்றினும் பெரிய சிக்கல் கருணைக்கொலை. மேலைநாட்டு ஆய்வுகளில் இறப்பு என்று எண்ணப்படுவனவற்றுள் இயற்கை இறப்பும் உரிமையாளரின் இசைவோடு செய்யப்பட்ட கருணைக்கொலையும் ஒருங்கே அடங்கும். பிழைக்காது என்று மருத்துவர் கருதுகிறார். அக்கருத்தால் நாய் உறங்கவைக்கப்படுகிறது. அவ்விறப்பு அடுத்த ஆய்வில் பிழைக்காது என்பதற்குச் சான்றாகிறது. கணிப்பே காரணமாகி, காரணமே கணிப்பை மெய்ப்பிக்கும் இச்சுழலிலிருந்து எந்த எண்ணும் முற்றாகத் தப்பவில்லை. இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 13 துன்புறும் விலங்கின் உயிரை முடிக்க வழிசெய்கிறது. சட்டம் தருவது இசைவை மட்டுமே. காலம் எப்போது என்பதை மருத்துவரும் குடும்பமுமே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

முதல் வாரம்

தொலைவான எண்களைவிட அண்மையிலுள்ள எண் பயன்மிக்கது. கார்னெலிஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நோய் கண்டறியப்பட்ட ஒரு வாரத்துக்குள் என்ன நிகழ்கிறது என்பதை மட்டும் நோக்கியது. 116 நாய்களுள் 26 விழுக்காடு அவ்வாரத்தைக் கடக்கவில்லை. கடக்காதவற்றோடு தொடர்புடையனவாக மூன்று கூறுகள் தெரிந்தன: உணர்வுநிலை மழுங்கியிருத்தல், வலிப்பு, மூளைத் தண்டுவடத் திரவத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களின் விகிதம் கூடியிருத்தல்.

இம்மூன்றனுள் முதலிரண்டுக்கு எந்தப் பொறியும் தேவையில்லை என்பது ஆரல்வாய்மொழியை நோக்கக் குறிப்பிடத்தக்கது. வலிப்பை வீட்டாரே கண்டு நேரத்தோடு குறித்துவைக்கலாம். கைப்பேசியில் பதிவான அரைநிமிடக் காட்சி மருத்துவருக்கு நீண்ட விவரிப்பைவிட உதவும். உணர்வுநிலையை அளக்கக் கிளாஸ்கோ அளவுகோலின் நாய்களுக்கான வடிவம் உண்டு. அசைவு, கண்மணியின் எதிர்வினை, விழிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பளித்து 3 முதல் 18 வரை கூட்டுவது அது. தலையில் அடிபட்ட நாய்களுக்காக வகுக்கப்பட்டதாகையால், அழற்சி நோயில் அதன் கூட்டெண்ணைப் பிழைப்பு விழுக்காடாக மாற்றிப் படிக்கக் கூடாது. ஆயினும், மருந்தக மருத்துவரும் கல்லூரி மருத்துவரும் ஒரே மொழியில் பேச அது உதவும். நேற்று 11, இன்று 14 என்னும் குறிப்பு, நேற்றைவிடத் தேவலை என்னும் சொல்லைவிடப் பயனுடையது.

நான்கில் ஒரு நாய் முதல் வாரத்தில் இறக்கிறது என்பதை மறுபுறம் திருப்பிப் பார்த்தால், நான்கில் மூன்று அவ்வாரத்தைக் கடக்கின்றன. கடந்த நாய்க்கு அந்த முதல் இடர் நீங்கிவிடுகிறது. எட்டாம் நாளில் அதன் வாய்ப்பைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். முதல் நாளில் மழுங்கிக் கிடந்து நான்காம் நாளில் எழுந்து தன் கிண்ணத்தைத் தேடும் நாயும், முதல் நாளில் நடந்து நான்காம் நாளில் படுத்த நாயும், முதல் நாளின் கூறுகளைக் கொண்டே மதிப்பிடப்பட்டால் இரண்டும் தவறாகவே மதிப்பிடப்படும். ஒரு கூறு இறப்போடு தொடர்புடையது என்பதும், அக்கூறுள்ள இந்த நாய் இறக்கும் என்பதும் வேறுவேறு கூற்றுகள். வலிப்போடு வந்து தேறிய நாய்களும் ஆய்வுகளில் உள்ளன. மருந்துக்கு அடங்காத தொடர்வலிப்போ ஆழ்ந்த மயக்கமோ இல்லாத நாய்க்கு, முறையான மருத்துவத்தோடு சில நாள் பொறுத்துப் பார்ப்பதே மேற்கண்ட எண்கள் காட்டும் வழி.

முதலில் விலக்க வேண்டியவை

மேற்கண்ட எண்களெல்லாம் ஒரு வரையறைக்கு உட்பட்ட நாய்களைப் பற்றியவை. 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு முன்வைத்த வரையறை இது: நாய் ஆறு மாதத்துக்கு மேற்பட்டதாக இருத்தல், எம்.ஆர்.ஐ. படிமத்தில் மூளைக்குள் உரிய மாற்றங்கள் தெரிதல். தண்டுவடத் திரவத்தில் வெள்ளணுக்கள் மிகுந்து, அவற்றுள் பாதிக்கு மேல் ஒற்றைக்கரு அணுக்களாக இருத்தல். அந்தந்த நிலப்பகுதிக்குரிய தொற்றுநோய்கள் சோதனையால் விலக்கப்படுதல். ‘அந்தந்த நிலப்பகுதி’ என்னும் சொற்களே நாஞ்சில் நாட்டில் மிகுந்த எடை பெறுகின்றன.

இங்கு முதலில் எண்ண வேண்டியது வெறிநோய். பிரித்தானிய மருத்துவர் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய அந்த ஐயத்தை இந்திய மருத்துவர் ஒதுக்க இயலாது. நடத்தை மாற்றம், தடுமாற்றம், விழுங்க இயலாமை, தாடை தொங்குதல் ஆகியன தோன்றிய நாய் தடுப்பூசி பெற்றதா, தெருநாயோடு கடிபட்டதா என்பதே முதல் வினா. வெறிநோய்க் குறிகள் தோன்றிய நாய் பத்து நாள்களுக்குள் இறந்துவிடும். ஆகவே ஐயமுள்ள நாயைத் தனிமைப்படுத்திக் கவனிக்கும் பத்து நாளும், அழற்சி நோயின் இடர்மிகுந்த முதல் வாரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அந்நாயால் கடிபட்டவரோ, அதன் உமிழ்நீர் காயத்தில் பட்டவரோ நாயின் கதி தெரியும்வரை காத்திராமல் உடனே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நாயின் பிழைப்பைக் கணிப்பதற்கு முன் மனிதரின் பிழைப்பை உறுதிசெய்ய வேண்டியிருப்பது இம்மண்ணில் இந்நோய்க்கு உரிய தனித்தன்மை.

அடுத்து வருவது டிஸ்டெம்பர். தடுப்பூசி முழுமையாகப் போடப்படாத நாயில் சளி, வயிற்றுப்போக்கு, பாதத்தோல் தடித்தல், தசை சுண்டி இழுத்தல் ஆகியவற்றோடு மூளையும் தாக்கப்படும். எம்.ஆர்.ஐ., வைரசுச் சோதனை ஆகியன இன்றி மூளை அழற்சி என்று மட்டும் எழுதப்பட்ட நாய்களின் கூட்டத்தில் டிஸ்டெம்பர் நாய்கள் கலந்தே இருக்கும். அவற்றின் நோய்ப்போக்கு வேறு. கலந்த கூட்டத்துக்குக் கலவாத கூட்டத்தின் விழுக்காட்டைப் பொருத்துவது, கலப்படப் பாலைக் கறந்த பாலின் விலைக்கு மதிப்பிடுவதாகும். உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா, டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை ஆகியனவும் கருதத்தக்கவை.

தொற்றல்லாத போலித் தோற்றங்களும் சிறுவகை நாய்களுக்கே உரியனவாகப் பல உள்ளன. சிறு குட்டிகளில் குருதிச் சர்க்கரை குறைவதால் வலிப்பு வரும். அதை அறிய ஒரு துளிக் குருதியும் சர்க்கரை அளவியும் போதும். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் இனங்களில் கல்லீரலைச் சுற்றிச்செல்லும் பிறவிக் குருதிக்குழாயால் மூளை மயங்கும். சிவாவாவில் மூளைநீர்க்கோவை மிகுதி. இவற்றுள் சில எளிதில் தீர்வன. எளிதில் தீரக்கூடிய ஒன்றுக்குக் கொடிய நோயின் எண்ணைச் சூட்டிவிடுவதே கணிப்பில் நேரக்கூடிய மிகப் பெரிய தவறு.

திரவமும் தொலைவும்

விலங்குகளுக்கான எம்.ஆர்.ஐ. வசதி இந்தியாவில் சில நகரங்களுக்கே உரியது. தண்டுவடத் திரவச் சோதனை அதைவிட எளிது. ஆனால் அதிலும் சிறுவகை நாயின் உடலளவும் ஊர்த் தொலைவும் குறுக்கிடுகின்றன. ஐந்து கிலோ எடைக்கு ஏறத்தாழ 1 மி.லி. என்பதே எடுக்கத்தக்க அளவாகக் கொள்ளப்படுகிறது. மூன்று கிலோ நாயில் அது பத்துப் பன்னிரண்டு துளிகளே. மயக்க மருந்து கொடுத்து, தலைக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியில் ஊசி செலுத்தி எடுக்கப்படுவதால், மூளையழுத்தம் கூடியுள்ள நாயில் அச்செயலே உயிருக்கு இடராகலாம். வெறிநோய் ஐயம் நீங்கும்வரை அதைத் தள்ளிவைப்பது எடுப்பவருக்கும் நல்லது.

எடுத்த திரவத்தில் புரதம் மிகக் குறைவாகையால் அணுக்கள் விரைந்து சிதையும். ஒரு மணிநேரத்துக்குள் எண்ணப்படுவது நன்று. நாகர்கோவிலில் எடுத்து இராமையன்பட்டிக்கு அனுப்பினால் வழியிலேயே அணுக்கள் குறைந்து, மைக்ரோலிட்டருக்கு ஐந்துக்கும் கீழ் என்னும் இயல்பு அளவைத் தொட்டுவிடக் கூடும். திரவத்தின் ஒரு பகுதியைப் பிரித்து அந்நாயின் சொந்தச் சீரத்தைச் சில துளி சேர்த்துக் குளிரில் வைத்தால் சிதைவு தாமதப்படும். சீரம் சேராத மறுபகுதி புரத அளவுக்குப் பயன்படும். இதற்குச் செலவு ஏதுமில்லை. திரவம் எடுக்குமுன்பே ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டிருந்தால் அணுக்கள் குறைந்து தோன்றும் என்பதால், எந்த மருந்து எந்த நாளில் எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது என்பதை அனுப்புசீட்டில் எழுதுவது தவிர்க்க முடியாதது.

வாரத்தைக் கடந்த பின்

முதல் வாரம் கடந்தால் வினா மாறுகிறது: நோய் மீளுமா? ஸ்டீராய்டு மாத்திரை எவ்வூரிலும் கிடைக்கும். அதனுடன் சேர்க்கப்படுவனவற்றுள் சைட்டோசின் அரபினோசைடு மனிதப் புற்றுநோய்க்கு உரிய மருந்து. வழக்கமான முறையில் இரண்டு நாள் தோலடி ஊசியாக, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. அணுக்களை அழிக்கும் மருந்தாகையால் கையுறையோடு கையாள வேண்டும். நாயின் குருதியணுக்களை அவ்வப்போது எண்ண வேண்டும். வாய்வழி கொடுக்கத்தக்க சைக்ளோஸ்போரின், மைக்கோஃபெனோலேட் ஆகியனவும் ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டுள்ளன. ஆரல்வாய்மொழியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை 70 கி.மீ. சென்று திரும்ப இயலாத குடும்பத்துக்கு வீட்டிலேயே தரத்தக்க மாத்திரை, ஏட்டளவில் சற்றுக் குறைந்ததாகவே இருப்பினும், நடைமுறையில் மேலானதாகலாம். பாதியில் நின்றுபோகும் சிறந்த மருத்துவம் எந்த ஆய்வின் எண்ணுக்கும் உரியதன்று.

லோரி, ஸ்மித், கரோசி ஆகியோர் 39 நாய்களை ஒரே மருந்துமுறையில் பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாம் மாதத்தில் படிமத்தையும் தண்டுவடத் திரவத்தையும் மீளவும் நோக்குவது, நோய் திரும்புமா என்பதை அறியத் துணைபுரியும் என்று காட்டியது. வெளியே நலமாகத் தோன்றும் நாயின் திரவத்தில் அழற்சி எஞ்சியிருக்கக் கூடும் என்பது இதன் பொருள். மறுசோதனை இயலாத இடத்தில் எஞ்சுவது, மருந்தின் அளவைக் குறைக்கும் நாளும் அதன்பின் நாயின் நடையும் மட்டுமே. நாய் துள்ளி ஓடுகிறது என்று நான்காம் வாரத்தில் மாத்திரையைச் சடுதியில் நிறுத்துவதால் நோய் மீளும். அவ்வாறு மீண்டபின் நிகழும் இறப்பு நோயின் கணக்கில் எழுதப்படும், நிறுத்தியதன் கணக்கில் அன்று. அளவு குறைக்கப்பட்ட ஒவ்வொரு நாளையும், அதற்கு அடுத்த பத்து நாளில் தலைசாய்வு, தடுமாற்றம், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றியது என்பதையும் வீட்டு நாட்காட்டியிலேயே குறித்துவந்தால், குறைத்ததால் மீண்டதா, குறைக்கும் முன்பே மீண்டதா என்பதை மருத்துவர் பிரித்தறிய முடியும். அடுத்து மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா என்பது அதைப் பொறுத்ததே.